வட்ட வீடு, நீல வீடு, வளவு வீடு… ஏற்காட்டுக்கு எது?

ஏற்காடு போனவர்களில் பகோடா பாயின்ட் பார்க்காமல் இறங்கியவர்கள் குறைவு. பெயரைக் கேட்டதும், சீனப் படங்களில் வருவதுபோல அடுக்கடுக்காகக் கூரை வைத்த கோபுரம் ஒன்று அங்கே நிற்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. அங்கே இருப்பவை கற்களை அடுக்கிய குவியல்கள், ஒரு ராமர் கோயில், கீழே பள்ளத்தாக்கு. 'பிரமிடு பாயின்ட்' என்று இன்னொரு பெயரும் உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு நம்ம கோயில் கோபுரமே 'பகோடா'தான். மாமல்லபுரத்தையே 'ஏழு பகோடா' என்றுதான் எழுதி வைத்தார்கள். (குட்டிப் பசங்களோடு போகிறவர்கள் "பக்கோடா எங்கேப்பா?" என்ற கேள்விக்கும் தயாராகப் போங்கள்.)

சீனக் கட்டடமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, இந்த வாரம் சீன வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறோம். காரணம் இருக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால், விடுதி விளம்பரங்களில் 'பாரம்பரியம்' என்ற வார்த்தை அடிக்கடி கண்ணில் படும். உள்ளே போனால் கேரளா ஓட்டுக் கூரை, சுவிட்சர்லாந்து மர வீடு, நாலு பக்கமும் கண்ணாடி என்று எல்லாம் இருக்கும். சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களின் வீடு எப்படி இருந்தது என்று மட்டும் எங்கேயும் தெரியாது.

பல குடும்பங்கள் ஒன்றாக வாழ்ந்த பழைய வீடுகளை, நவீன வசதியோடு சுற்றுலாவுக்குத் திறந்துவிடும் வேலையைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் சீனர்கள். அதில் ஜெயித்ததும் உண்டு, இழந்ததும் உண்டு. நம்ம மலைக்கு அதில் என்ன பாடம்?

ஒரே வாசல், பல நூறு பேர்

சீனாவின் ஃபுஜியான் மாகாணத்து மலைப்பகுதியில் 'துலோ' என்று ஒரு வகை வீடு இருக்கிறது. மண் வீடு என்று அர்த்தம். மேலேயிருந்து பார்த்தால் வயலுக்கு நடுவே பெரிய டயரைக் கிடத்தி வைத்ததுபோல இருக்கும். சில வீடுகள் சதுரமாகவும் இருக்கும். அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒரு காலத்தில் இதையெல்லாம் ஏவுகணைத் தளம் என்று நினைத்துப் பயந்தது என்று கைடுகள் ஒரு கதை சொல்வார்கள். கதை ஜோராக இருக்கிறது, அவ்வளவுதான்.

இவற்றில் பலவற்றைக் கட்டியவர்கள் ஹக்கா மக்கள். ஆமாம், நம்ம ஊர் ஃபாஸ்ட் ஃபுட் கடை 'ஹக்கா நூடுல்ஸ்' பெயரில் இருப்பவர்களேதான். 'ஹக்கா' என்றால் விருந்தாளிக் குடும்பங்கள் என்று பொருள். வடக்கிலிருந்து பல தலைமுறைகளாக இடம்பெயர்ந்து தெற்கே வந்தவர்கள். வந்த இடத்தில் கொள்ளைக்காரர் பயம் இருந்தது. அதனால் மண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இடித்து, ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக்கூட கனமான சுவர் எழுப்பினார்கள். அந்த மண்ணில் ஒட்டரிசிக் கஞ்சியும் வெல்லமும் கலந்தார்கள் என்பார்கள். நம்ம காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த கதை ஞாபகம் வருகிறதா?

வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். கீழ்த்தளத்தில் வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது. உள்ளே நடுவில் முற்றம், முன்னோரைக் கும்பிடும் மண்டபம், கிணறு. சுற்றிலும் மூன்று, நான்கு மாடி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கேக் துண்டு வெட்டினதுபோல மேலிருந்து கீழ் வரை ஒரு பங்கு: கீழே சமையலறை, அதற்கு மேலே தானிய அறை, அதற்கும் மேலே படுக்கை. பணக்காரத் தம்பிக்குப் பெரிய அறை, ஏழை அண்ணனுக்குச் சின்ன அறை என்ற பேச்சே இல்லை. எல்லா அறையும் ஏறக்குறைய ஒரே அளவு. அடுப்பு தனித்தனி, வாசல் மட்டும் பொது. செங்சிலோ என்ற வீடு 1709-ல் கட்டி முடிக்கப்பட்டது. வட்டத்துக்குள் வட்டமாக நாலு சுற்று, ஏறக்குறைய 400 அறைகள். மிகப் பெரிய துலோக்களில் 800 பேர் வரை வாழ்ந்திருக்கிறார்கள்.

2008-ல் இவற்றில் 46 வீடுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கூட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே இளைஞர்கள் நகரத்துக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். இன்று பல வீடுகளில் கீழ்த்தளத்தில் வயதானவர்கள் டீத்தூளும் நினைவுப்பொருளும் விற்கிறார்கள். சிலவற்றில் மாடிக்கு ஏறக்கூடாது என்று போர்டு இருக்கிறது. மாடியில் இன்னமும் யாரோ குடியிருக்கிறார்கள், அது அவர்களுடைய படுக்கையறை. போர்டு வைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். நம்ம வீட்டு மாடிப்படியில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் செல்ஃபி ஸ்டிக்கோடு ஏறினால் நாமும் அதைத்தான் செய்வோம்.

அதே 2008-ல் இன்னொன்றும் நடந்தது. இதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. குவாங்சோவுக்குப் பக்கத்தில் உள்ள நன்ஹாய் பகுதியில், 'அர்பனஸ்' என்ற கட்டடக்கலை நிறுவனமும் 'வான்கே' என்ற வீடு கட்டும் நிறுவனமும் சேர்ந்து கான்கிரீட்டில் ஒரு புது துலோ கட்டினார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கான வாடகை வீடு அது. அங்கே டிராகன் சிலையும் சிவப்பு விளக்கும் வைத்துப் 'பாரம்பரியம்' காட்ட முயலவில்லை. வட்டமான கட்டடத்தையும் பொதுவான முற்றத்தையும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கும் கதவுகளையும் எடுத்துக்கொண்டார்கள். பழையதையும் புதியதையும் கலப்பது என்றால் இதுதான் என்று நான் சொல்வேன். கூரை வடிவத்தைக் காப்பி அடிப்பதற்கு நல்ல பெயின்டர் இருந்தால் போதும்.

பினாங்கில் நமக்குப் பக்கத்து வீடு

ஹக்கா மக்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. கப்பல் ஏறினார்கள். அவர்கள் போய் இறங்கிய ஊர்களில் ஒன்றில் நம்மவர்களும் இறங்கினார்கள்: மலேசியாவின் பினாங்குத் தீவு, ஜார்ஜ் டவுன். குவீன் தெருவில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில், பினாங்குத் தெருவில் செட்டியார்கள், நாகூர் தர்கா, கொஞ்சம் தள்ளிச் சீனக் குலங்களின் 'கொங்சி' கூடங்கள். எல்லாம் நடந்து போகிற தூரம்தான்.

அங்கே லீத் தெருவில் ஒரு நீல மாளிகை இருக்கிறது. கட்டியவர் சியோங் ஃபாட் ட்ஸே. 1840-ல் குவாங்டாங்கில் பிறந்த ஹக்கா. வெறுங்கையோடு கப்பலேறி வந்து பெரும் வணிகரானவர். 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 ஜன்னல்கள். வெளிச்சுவர் முழுக்க அவுரி நீலம். அவர் 1916-ல் இறந்த பிறகு மாளிகை படிப்படியாகச் சிதைந்தது. பல குடும்பங்கள் வாடகைக்குக் குடியேறின. 1989-ல் வாரிசுகளிடமிருந்து அதை விலைக்கு வாங்கியவர்களில் ஒருவர் லாரன்ஸ் லோ என்ற கட்டடக்கலைஞர். பழைய முறையிலேயே வேலை செய்யத் தெரிந்த கைவினைஞர்களை வைத்து மீட்டெடுத்தார். 2000-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. இன்று அது ஹோட்டல். 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் மாஜாங் ஆடும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அந்த வீடுதான்.

மாளிகை பிழைத்தது உண்மை. ஆனால் அதைச் சுற்றிய ஊரில் நடந்தது வேறு. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தவர்களைப் பாதுகாத்தது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2000-ம் ஆண்டு தொடக்கத்தோடு அது முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது. தலைமுறையாக இருந்தவர்கள் கிளம்பினார்கள். சீனர், தமிழர் என்ற பேதமில்லை, வாடகை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் ஏறியது. 2008-ல் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. துலோக்களைச் சேர்த்த அதே ஆண்டு. காலியான கடைவீடுகளில் பல அழகழகான சின்ன ஹோட்டல்களாகவும் கஃபேக்களாகவும் மாறின. சுவர் காப்பாற்றப்பட்டது. சுவருக்குள் இருந்த ஆட்கள் போய்விட்டார்கள்.

கடலோரத்தில் கதை கொஞ்சம் வித்தியாசம். 'சியூ ஜெட்டி' என்ற படகுத்துறையில், கடலுக்கு மேலே கம்பம் நட்டு, பலகை போட்டு, சியூ என்ற ஒரே குலப்பெயர் கொண்ட குடும்பங்கள் வாழ்கின்றன. இதைப்போல இருந்த வேறு இரண்டு துறைகள் 2006-ல் புதிய வீடுகளுக்காக இடிக்கப்பட்டன. மிச்சமிருந்தவை பாரம்பரியப் பட்டியலால் தப்பித்தன. அங்கே கடை வைத்திருப்பதும் அந்தத் தெருக்காரர்களே, 'போட்டோ எடுக்காதீர்கள்' என்று கதவில் ஒட்டியிருப்பதும் அவர்களே. கூட்டத்தைப் பார்த்தால் அவர்களுக்குச் சலிப்புதான். ஆனாலும் கதவு அவர்கள் கையில் இருக்கிறது.

காரைக்குடியில் ஒரு பாத்ரூம் பிரச்னை

இதெல்லாம் சீனர்கள் கதை, நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? சேலம், ஈரோடு பக்கத்துக்காரர்களுக்கு 'வளவு' என்ற வார்த்தை தெரியும். சொந்தபந்தங்கள் ஒரே இடத்தில் வீடு கட்டிக்கொண்டு இருப்பது. அதே வார்த்தை செட்டிநாட்டில் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. முகப்பைத் தாண்டி, பட்டாலையைத் தாண்டி உள்ளே போனால் வரும் முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்தான் அங்கே வளவு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஒரு பங்கு. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் புது ஜோடியை 'வேறு வைப்பார்கள்'. கூரை ஒன்று, உலை தனி. ஒவ்வொரு ஜோடியும் ஒரு 'புள்ளி'. கோயிலுக்கு வரி கொடுப்பது இந்தப் புள்ளிக் கணக்கில்தான்.

துலோவில் பார்த்த அதே கணக்குதானே? பொது வாசல், தனி அடுப்பு, சமமான அறை. ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டதாக நான் சொல்ல வரவில்லை. கூட்டுக் குடும்பத்தில் மாமியார் மருமகள் சண்டை வராமல் இருக்க வேண்டும் என்றால் உலகம் முழுக்க மனிதர்களுக்கு ஒரே யோசனைதான் வருகிறதோ என்னவோ!

பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடித் தரை ஓடு என்று வைத்துக் கட்டிய வீடுகள். இரண்டாம் உலகப் போரோடு பர்மா வணிகம் போனது. வாரிசுகள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பிரிந்தார்கள். ஒரு வீட்டுக்கு 20, 30, 40 பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டும் என்றாலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றால் மழை உள்ளே வரும். கடைசியில் இடித்து, தூண் ஒரு விலை, கதவு ஒரு விலை, ஊறுகாய் ஜாடி ஒரு விலை என்று போய்விடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலை கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தத் தூண்கள் அங்கே எப்படி வந்தன என்று நினைத்தால் பேரம் பேச மனசு வராது.

இடிப்பதற்கு மாற்றாக வந்த வழிகளில் ஒன்றுதான் ஹோட்டல். காரைக்குடியில் 'தி பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்', கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்'. இவற்றில் தங்க முடியாவிட்டாலும் ஒரு வேளை சாப்பிட்டு வாருங்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கின்றன.

பழைய வீட்டை ஹோட்டலாக்குவதில் பெரிய தலைவலி அலங்காரம் கிடையாது. பாத்ரூம்தான்! வளவு அறைகள் நகை, பாத்திரம், சீர் சாமான் வைக்கக் கட்டியவை. சின்னச் சின்ன அறைகள். குளியல் எல்லாம் பின்கட்டில். இன்றைய விருந்தாளிக்கு அறையோடு சேர்ந்த கழிப்பறை இல்லாவிட்டால் ஒரு ஸ்டார்தான் போடுவார். அப்படியானால் இரண்டு அறையை ஒன்றாக்க வேண்டும், ஒன்றைக் குளியலறை ஆக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குள் குழாய் போக வேண்டும். அவசரக்கார கான்ட்ராக்டர் அங்கே சிமென்ட்டைப் பூசிவிட்டால் போச்சு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று, சில வருஷத்தில் பூச்சு பொரிந்து விழும். ஏசி மெஷினை எங்கே மறைப்பது, முற்றத்து மழைத்தண்ணீர் எங்கே போவது, மர உத்தரத்துக்குக் கரையான் மருந்து எப்படி அடிப்பது… போட்டோவில் தெரியாத இந்த வேலைகளில்தான் பணம் கரைகிறது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று. வீட்டை விற்றுவிடுவதா, வாடகைக்கு விடுவதா? குத்தகைக்கு விட்டால் வீடு குடும்பத்தின் பெயரிலேயே இருக்கும். ஒரு பகுதியைக் குடும்பத்துக்கென்று வைத்துக்கொண்டு மீதியை ஹோட்டலுக்குக் கொடுக்கவும் முடியும். விற்றால், சாந்திக் கல்யாணத்துக்கு வரும் பேரப்பிள்ளைகள் தாத்தா கட்டிய வீட்டு வாசலில் ஐடி கார்டு காட்டி ரூம் போட வேண்டியதுதான்.

மறுபடி மலைக்கு

சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் 'மலையாளிகள்'. உடனே கேரளாவை நினைக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள், அரசுப் பட்டியலில் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களின் வாய்மொழிக் கதை. இவர்களும் ஒருவகையில் ஹக்காக்களைப்போல வந்து தங்கிய குடும்பங்கள்தான். வந்து பல நூறு வருஷம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

மூங்கில் தட்டி கட்டி, மண் பூசி, மேலே புல் வேய்ந்த வீடுகள். முன்னால் திண்ணை, உள்ளே தானியத்துக்குப் பரண். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். நடுவில் எல்லோருக்குமான இடம், கோயில். ஊர்ப் பேச்சு, கல்யாணம், திருவிழா எல்லாம் அந்தப் பொது இடத்தில். துலோவின் முற்றத்துக்கும் வளவுக்கும் இங்கே பதில் சொல்வது அந்த வெளிதான். அதற்கு மதில் கிடையாது, ஒரே வாசலும் கிடையாது.

அந்த வீடுகள் வேகமாகக் குறைந்துவருகின்றன. புல் கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும், மழையில் ஒழுகும். தொகுப்பு வீடும் கான்கிரீட் தளமும் வந்ததற்காக யாரும் வருத்தப்படத் தேவையில்லை. 'ஐயோ, எவ்வளவு அழகான குடிசை!' என்று நகரத்திலிருந்து போய் வருத்தப்படுகிறவர்கள் ஜூலை மழையில் அதில் ஒரு வாரம் படுத்துப் பார்க்கட்டும்.

இனி ஆபத்து எங்கே என்றால், அந்த வீடு ஊரில் மறைந்து ரிசார்ட்டில் முளைப்பதில். 'டிரைபல் ஹட்' என்று பெயர் வைத்து, உள்ளே ஏசி போட்டு, ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாங்கலாம். அந்த வீட்டைக் கட்டத் தெரிந்த பெரியவரின் பேத்தி அங்கே பெட்ஷீட் மாற்றுவாள். பினாங்குக் கடைவீடுகளுக்கு ஆனது இதுதான், வேறு வேஷத்தில்.

மாற்று வழி கனவு இல்லை. நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் மாதிரி ஊர்களில் சில குடும்பங்கள் சேர்ந்து இரண்டு மூன்று விருந்தினர் அறைகள் கட்டலாம். கீழே கல் அடித்தளம், மூங்கிலும் மண்ணும் சேர்ந்த சுவர், ஒழுகாத கூரை, ஒழுங்கான கழிப்பறை. அறைக்கு ஒரு டிவி வேண்டாம். ராகிக் களியும் சாமைச் சோறும் ஊர் அடுப்பில் இருந்து வரட்டும். யார் வீட்டு முறை என்று துலோவைப்போலச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். நிலப் பட்டாவும் கணக்குப் புத்தகமும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். வீட்டோடு தங்கும் வசதி நடத்துகிறவர்களைச் சுற்றுலாத் துறை பதிவு செய்துகொள்கிறது. அந்தப் படிவத்தை எளிய தமிழில் நிரப்பிக்கொடுக்க ஒரு ஆள் கிராமத்துக்கு வந்தாலே பாதி வேலை முடியும்.

தண்ணீர்க் கணக்கையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். கோடையில் குடம் தூக்கும் ஊரில் விருந்தாளிக்கு மட்டும் 24 மணி நேர ஷவர் வைத்தால், முதல் சண்டை அங்கேதான் வரும். பக்கெட் குளியல் என்று அறை வாடகைச் சீட்டிலேயே எழுதிவிடலாம். ஏற்காட்டுக் குளிரில் வெந்நீர் ஒரு பக்கெட் கிடைத்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்?

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. அப்போது போகிறவர்கள் ரீல்ஸ் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். ரூம் போடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்த இடம் யாருதுங்க? சமையல் யாரு?" ரிசப்ஷனில் கொஞ்சம் முழிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.